சுரண்டிய சொல்

அந்தக் குளிர்காலத்தில் மோசல் ஆறு மூன்று வாரம் உறைந்து கிடந்தது. தோணிகளையெல்லாம் கரையில் கவிழ்த்துப் போட்டுவிட்டார்கள். அக்கரையில் தோணிக்காரரின் வீடு. இக்கரையில் எங்கள் பேராலயமும் அதன் பள்ளிக்கூடமும். நானும் தியத்மாரும் அந்தப் பள்ளியில் ஒன்றாகப் படித்து, ஒரே நாளில் திருச்சபைப் பணிக்கு அடையாளமாக உச்சி மழித்துக்கொண்டு, அங்கேயே வேலைக்கும் அமர்ந்தவர்கள். அவன் பாட்டு சொல்லிக்கொடுத்தான். நான் எழுத்தறையில் ஏடுகளைப் படியெடுத்தேன். அவனுக்குக் குரல், எனக்குக் கையெழுத்து. அதைத் தவிர இருவருக்கும் சொத்தென்று ஒன்றும் கிடையாது.

தோணிக்காரரின் மகள் ஒடிலா. அப்பாவுக்கு உடம்பு சரியில்லாத நாட்களில் அவளே துடுப்புப் போடுவாள். அந்த நாட்களில் மட்டும் தியத்மாருக்கு அக்கரையில் ஏதாவது வேலை வந்துவிடும். போகும்போது ஒரு லத்தீன் சொல், திரும்பும்போது ஒரு லத்தீன் சொல் என்று பல வருடமாக அவளுக்குக் கற்றுக்கொடுத்துக்கொண்டே ஆற்றைக் கடப்பான். இதில் ஒளிவு மறைவு எதுவும் இல்லை. அந்தக் காலத்தில் எங்கள் பக்கத்துச் சாமியார்களில் பாதிப் பேருக்கு மேல் பெண்டாட்டி பிள்ளைகள் உண்டு. அப்போதிருந்த ஆயரின் அப்பாவே ஒரு சாமியார்தான்.

ஆறு உறைந்து தோணி நின்றதும் தியத்மாருக்கு இருப்புக் கொள்ளவில்லை. நான்காம் நாள் ஒரு பாட்டோடு எழுத்தறைக்கு வந்தான். நான் சிரித்துவிட்டேன்.

"மீன் நாத்தம் போகாத பொண்ணுக்கு லத்தீன்ல பாட்டா? மீனுக்குக்கூடப் புரியாதேடா."

"அவளுக்குப் புரியும். நீ எழுதிக் குடு."

இரண்டு கண்ணிகள்தான். ஒவ்வொரு கண்ணியிலும் இரண்டு தடவை அமீகா என்று வரும். லத்தீனில் பிரியமானவளை அப்படிக் கூப்பிடுவோம். முதல் கண்ணியின் பொருள் ஏறக்குறைய இப்படி இருக்கும்:

ஆறு கல்லாகிவிட்டது, அமீகா,
தோணிக்கு இனி வேலை இல்லை.
காலில் வைக்கோல் சுற்றிக்கொண்டு வா, அமீகா,
கல் மறுபடி ஆறாகுமுன் வா.

மறுநாள் உச்சிப்பொழுதில் கரையில் நின்று அதைப் பாடினான். பனியில் துளை போட்டுத் துணி அலசிக்கொண்டிருந்த பெண்கள் கையை நிறுத்திக் கேட்டார்கள். பொருள் தெரியாவிட்டாலும் எதற்காகப் பாடுகிறான் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அதற்கடுத்த நாள் காலை ஒடிலா ஆற்றின் மேல் நடந்து வந்தாள். வழுக்காமல் இருக்க இரண்டு காலிலும் வைக்கோல் சுற்றியிருந்தாள். கையில் ஒரு துணிமூட்டை, அரை வட்டப் பாலாடைக்கட்டி. அவளுடைய அப்பா அக்கரையில் நின்றுகொண்டு இனி இந்த வாசல் மிதிக்காதே என்று கத்தினார். இரண்டு மாதம் கழித்து அவரே விலாங்கு மீன் எடுத்துக்கொண்டு மகளைப் பார்க்க வந்தார்.

மூன்றாவது கண்ணியை எழுதியவள் ஒடிலா. வந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை, தியத்மாரின் பாட்டுக்குப் பதிலாக அதே மெட்டில் கட்டியிருந்தாள்.

வந்துவிட்டேன், பாட்டுக்காரா,
கால் மரத்துப் போய்விட்டது.
முதலில் கதவைச் சாத்து,
பாட்டைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

நான் அதைக் கையில் வாங்கிப் பிழை தேடினேன். பதினைந்து வருடம் பிரம்படி பட்டு லத்தீன் படித்தவன் நான். ஒரு பிழைகூடக் கிடைக்கவில்லை. மூன்று கண்ணிகளையும் நல்ல ஆட்டுத்தோல் ஏடு ஒன்றில், முதல் எழுத்துக்குச் சிவப்பு மை வைத்து, அழகாக எழுதிக்கொடுத்தேன். மாணவர்கள் மனப்பாடம் செய்துகொண்டார்கள். திராட்சை ரசம் ஏற்றிய படகுகளோடு பாட்டு கொலோன் வரை போய்விட்டது. போகிற இடமெல்லாம் கடைசிக் கண்ணிக்குத்தான் ஆட்கள் மேசையைத் தட்டினார்கள் என்று படகுக்காரர்கள் வந்து சொன்னார்கள்.

தியத்மார் பிறகு குருப்பட்டமும் பெற்றான். பேராலயத்துக்குப் பின்னால் இருந்த சிறிய வீட்டில் பதிமூன்று வருடம் குடும்பம் நடத்தினார்கள். கிஸ்லா என்று ஒரே மகள். ஒடிலா அவளுக்கு விவிலியத்தின் சங்கீதப் புத்தகத்தை வைத்து எழுத்து சொல்லிக்கொடுத்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் நானும் அங்கேதான் சாப்பிடுவேன்.

பழைய ஆயர் இறந்து புதியவர் வந்தார். ரோமாபுரி உத்தரவையும் கையோடு கொண்டு வந்தார். சாமியார்கள் பெண்டாட்டிகளை அனுப்பிவிட வேண்டும். அனுப்பாதவன் வைக்கும் பூசைக்கு மக்கள் போகக் கூடாது. எங்கள் மறைமாவட்டத்தில் ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாக நடந்துகொண்டார்கள். மலையடிவாரத்துக் கிழட்டுச் சாமியார் ஒருவர் பூசை உடையைக் கழற்றிப் பீடத்தின் மேல் வைத்துவிட்டு, பெண்டாட்டியோடு ஏர் பிடிக்கப் போய்விட்டார். இன்னொருவர் உத்தரவு கொண்டுவந்தவனைக் கிணற்றில் தள்ளினார். தியத்மார் ஒடிலாவையும் பன்னிரண்டு வயது கிஸ்லாவையும் அக்கரைக்கு அனுப்பிவைத்தான். அப்போது ஒடிலாவின் அப்பா உயிரோடு இல்லை, அவள் அண்ணன்தான் தோணி ஓட்டினான். ஆறு மாதம் பொறுத்துக்கொள், காற்று திரும்பிவிடும் என்று தியத்மார் அவளிடம் சொன்னான். பாடகர் தலைவர் பதவி காலியாக இருந்தது. அடுத்தவன் அவன்தான் என்று எல்லோரும் பேசிக்கொண்டிருந்த நேரம் அது.

புதிய ஆயரின் கூடவே மெகினர் என்று ஒருவர் வந்திருந்தார். சாமியார்களை விசாரிப்பது அவருடைய வேலை. ஒல்லியானவர், எப்போதும் சளி, பேச்சு மட்டும் தேன். படகுத்துறையில் ஒருநாள் அந்தப் பாட்டைக் கேட்டுவிட்டார். யார் எழுதியது என்று கேட்டதும் பத்துப் பேர் பெருமையோடு சொல்லிவிட்டார்கள். ஏட்டைக் கொண்டு வந்து காட்டும்படி தியத்மாருக்கு ஆள் வந்தது.

ஏடு என் அலமாரியில் இருந்தது. தியத்மார் வந்து கதவைச் சாத்திக்கொண்டான். முகம் வெளுத்திருந்தது. ஆனால் யோசித்து முடித்துவிட்டுத்தான் வந்திருந்தான்.

"அமீகாவ எடுத்துட்டு மரியான்னு போடு. அளவு சரியா வரும்."

மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன். வந்தது. அசையும் அதே மூன்று, அழுத்தமும் அதே இடத்தில். எவ்வளவு கச்சிதமாகப் பொருந்துகிறது என்ற வியப்புதான் எனக்கு முதலில் வந்தது. வெட்கம் பிறகுதான் வந்தது, அதுவும் வேலையை நிறுத்துகிற அளவுக்கு வரவில்லை. நான்கு இடத்திலும் கத்தியால் சுரண்டி, நுரைக்கல்லால் தேய்த்து, மாதாவின் பெயரை எழுதினேன். மூன்றாவது கண்ணியை என்ன செய்வது என்று கேட்டேன். மாதாவுக்குக் கால் மரத்துப் போகாது, முழுசாக எடுத்துவிடு என்றான். எடுத்தேன். அந்த இடத்தில் தோல் மெலிந்துவிட்டது. வெறுமையாக விட்டால் சந்தேகம் வருமென்று, மாதாவைக் கடல்மேல் விடிவெள்ளி என்று புகழ்ந்து நானே ஒரு கண்ணி கட்டி நிரப்பினேன். அதைவிட மட்டமான வரிகளை நான் எழுதியதில்லை.

எழுத்தறைத் தலைவர் வேலைக்கு என் பெயரும் அடிபட்டுக்கொண்டிருந்தது. அந்த வேலைக்கு அடுப்புக்குப் பக்கத்து இருக்கை. குளிரில் விரல் மடங்காமல் இருபது வருடம் எழுதியவனுக்குத்தான் அந்த இருக்கையின் அருமை தெரியும். அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஒடிலாவிடம் பேச என்னை அனுப்பினான். நான் போனபோது அவள் வாசலில் உட்கார்ந்து மீனுக்குச் செதில் எடுத்துக்கொண்டிருந்தாள்.

"அவரு வரலையா?"

"வரக் கூடாதுன்னு உத்தரவு."

"உத்தரவு போட்டது ஆயரு. பயந்தது அவருதானே."

விசாரணையில் அவளையும் கூப்பிடுவார்கள், சமையல்காரியாக இருந்தேன், லத்தீன் தெரியாது, பாட்டுக்கும் எனக்கும் சம்பந்தமில்லை என்று சொல்ல வேண்டும் என்று ஒப்பித்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை.

"சமையக்காரியா? பதிமூணு வருஷத்துல ஒரு நாள் குழம்பு நல்லாருக்குன்னு சொன்னதில்ல அந்த மனுஷன். இப்பத்தான் என் சமையல் ஞாபகம் வந்துச்சாக்கும்."

பிறகு கிஸ்லாவின் விஷயத்தைச் சொன்னேன். தியத்மார் பாடகர் தலைவன் ஆகிவிட்டால் மலைமேல் இருக்கும் கன்னியர் மடத்தில் அவளைச் சேர்த்துவிடுவான். வேலைக்காரியாக அல்ல. புத்தகத்தோடு உட்கார்ந்து பாடுகிற கன்னியராக. அங்கே நூற்றிருபது ஏடுகள் இருந்தன. ஒடிலாவின் கை நின்றது.

"எழுதிக் குடுப்பாரா?"

"வாக்கு குடுத்திருக்கான்."

"வாக்குக்கு என்ன, அது நெறையக் குடுத்திருக்காரு." மறுபடி செதில் எடுக்க ஆரம்பித்தாள். பிறகு, "என் பாட்ட என்னண்ணே பண்ணினீங்க? மூணாவது?" என்று கேட்டாள்.

இல்லை என்று தலையை ஆட்டினேன். அவள் மீனைத் திருப்பிப் போட்டாள்.

"என் பொண்ணுக்காக வர்றேன். அவருக்காக இல்ல. அத அவருகிட்ட சொல்லிருங்க."

நான் சொல்லவில்லை.

உயிர்ப்புத் திருநாள் முடிந்த வாரத்தில் ஆயரின் கூடத்தில் விசாரணை நடந்தது. தியத்மார் நற்செய்தி ஏட்டின் மேல் கை வைத்தான். பாட்டு மாதாவுக்காக எழுதியது, தொடக்கத்திலிருந்தே அப்படித்தான், படகுக்காரர்கள் கெடுத்துவிட்டார்கள் என்றான். ஏட்டை எழுதியவன் என்ற முறையில் நானும் அதையே சொன்னேன். மெகினர் தோலை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு, அந்த வீட்டில் ஒரு பெண்குழந்தை வளர்ந்ததே என்று மெதுவாகக் கேட்டார்.

இந்தக் கேள்வியைப் பற்றி நாங்கள் பேசி வைத்திருக்கவில்லை.

"சமையக்காரியோட பிள்ளை அது," என்றான் தியத்மார். "தகப்பன் யாருன்னு நான் கேட்டுக்கல."

ஒடிலா அவனைப் பார்த்தாள். கூடத்தில் எல்லோரும் அவளைப் பார்த்தோம். அவள் அந்த நேரத்தில் வாயைத் திறந்து மூன்றாவது கண்ணியைச் சொல்லியிருந்தால் எங்கள் இருவர் கதையும் அங்கேயே முடிந்திருக்கும். மெகினர் அவள் பக்கம் திரும்பினார்.

"இந்தப் பாட்டு உனக்கு எழுதினதுன்னு ஊரே சொல்லுதேம்மா. நீ என்ன சொல்ற?"

"எனக்கு லத்தீன் தெரியாது சாமி. அடுப்பு தெரியும், மீனு தெரியும்."

"பிள்ளைக்குத் தகப்பன்?"

"செத்துட்டான் சாமி."

மெகினருக்குத் திருப்தி. பாட்டைக் கையில் எடுத்துக்கொண்டு எங்களுக்கெல்லாம் விளக்கம் சொன்னார். கல்லான ஆறு என்பது பாவத்தில் இறுகிய உலகம். காலில் சுற்றிய வைக்கோல் பெத்லகேம் தொழுவத்து வைக்கோல். இத்தனை ஆழமான பாட்டைச் சாராயக்கடையில் விட்டுவைக்கலாமா, இனி ஒவ்வொரு வருடமும் மாதாவின் மெழுகுதிரித் திருநாளில் பேராலயத்தில் பாட வேண்டும் என்றார். உண்மை அவருக்குத் தெரிந்திருக்கும் என்றுதான் நான் இன்றுவரை நினைக்கிறேன். சுரண்டிய தோல் எப்படி இருக்கும் என்பது தெரியாதவரல்ல அவர். நல்ல குரலுள்ள, பெண்டாட்டி இல்லாத ஒரு பாடகர் தலைவர் அவருக்கு வேண்டியிருந்தது. கிடைத்துவிட்டான்.

தியத்மாருக்குப் பதவி வந்தது. எனக்கு அடுப்புப் பக்கத்து இருக்கை வந்தது.

ஒரு வருடம் காத்திருந்துவிட்டு ஒடிலா எனக்குச் சொல்லி அனுப்பினாள். தியத்மாரிடம் மடத்துக்குக் கடிதம் கேட்டேன். கடிதம் எதற்கு, நீயே கூடப் போய்ச் சொல்லு என்றான். மூவரும் மலை ஏறினோம். மடத்துத் தாயார் நல்லவர்தான். கிஸ்லாவின் கையில் ஒரு ஏட்டைக் கொடுத்தார். மூன்று பக்கம் தடுமாறாமல் படித்து, பொருளும் சொன்னாள். தாயார் மகிழ்ந்துபோய் யார் கற்றுக்கொடுத்தது என்று கேட்டார். அம்மா என்றாள் கிஸ்லா. தாயார் ஒடிலாவைத் திரும்பிப் பார்த்தார். ஆயரின் கூடத்தில் நடந்தது அதற்குள் மலைமேல் ஏறியிருந்தது.

தகப்பன் பெயரைக் கேட்டார். ஒடிலா சும்மா நின்றாள். தாயார் பொறுமையாக எடுத்துச் சொன்னார். சாமியாரின் மகள் என்றால்கூட வழி உண்டு, இவள் என் மகள்தான் என்று தகப்பன் ஒப்புக்கொண்டு எழுதினால் ஆயர் விதிவிலக்கு அளிக்கலாம், அப்படி மூன்று பேர் உள்ளே இருக்கிறார்கள். தகப்பன் பெயரே இல்லாத பிள்ளையைப் பாடும் கன்னியராக எடுக்க விதி இல்லை. துணி வெளுக்கிற கொட்டகையில் வேண்டுமானால் இடம் இருக்கிறது.

அன்று மாலையே தியத்மாரிடம் போனேன். ஒரு வரி எழுதிக் கொடு போதும் என்றேன்.

"சத்தியம் பண்ணிட்டேன்டா. இப்ப மாத்திச் சொன்னா பொய்ச்சத்தியம் ஆயிடும்."

அது ஏற்கெனவே பொய்ச்சத்தியம்தானே என்றேன். அவன் சிறிதும் தயங்கவில்லை. அது கடவுளுக்கு மட்டும் தெரிந்த பொய், இப்போது எழுதிக்கொடுத்தால் ஆயருக்கும் தெரிந்துவிடும் என்றான். சொல்லிவிட்டு, மாலைப் பாட்டுக்கு நேரமாகிவிட்டதென்று எழுந்து போனான்.

கிஸ்லா வெளுப்புக் கொட்டகைக்குப் போனாள். ஏடுகள் இருக்கும் அறை அதற்கு நேர் மேலே. சாம்பல் காரத்தில் இரண்டு குளிர்காலம் கை வெந்தது. எங்கள் பேராலயத்துப் பீடத் துணிகளும் அங்கேதான் வெளுப்புக்குப் போகும். தியத்மார் போட்டுக்கொள்ளும் வெள்ளை அங்கியை அவள்தான் அலசினாள். அது அவனுக்குத் தெரியும். நான் சொல்லியிருந்தேன்.

இரண்டாவது குளிர்காலத்து மெழுகுதிரித் திருநாளில் ஒடிலா பேராலயத்துக்கு வந்தாள். சாமியார் வீட்டில் இருந்தவள் என்பதால் உள்ளே வர அனுமதி இல்லை, வாசற்படியில் பிச்சைக்காரர்களோடுதான் நிற்க வேண்டும். கையில் எல்லோரையும் போல மெழுகுதிரி வைத்திருந்தாள். பாடகர் குழு மரியா, மரியா என்று அந்தப் பாட்டைப் பாடியது. நன்றாகவே பாடினார்கள். தியத்மார் சொல்லிக்கொடுத்தால் கழுதைகூட ராகம் பிசகாது. என் மட்டமான கண்ணியையும் பாடி முடித்தார்கள். முடிந்ததும் ஒரு மூச்சு விடுகிற அளவு அமைதி. அந்த அமைதியில் வாசற்படியிலிருந்து அவள் குரல் வந்தது.

மூன்றாவது கண்ணியை முழுவதும் பாடினாள். நிதானமாக, ஒரு சொல் விழுங்காமல் பாடினாள். கூட்டத்துக்கு லத்தீன் தெரியாது. ஏழைப் பெண்ணுக்கு எவ்வளவு பக்தி என்று சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். பீடத்தைச் சுற்றி நின்ற நாங்கள் இருபது பேரும் ஒவ்வொரு சொல்லையும் புரிந்துகொண்டோம். ஒருவன் இருமினான். இன்னொருவன் சிரிப்பை அடக்கக் குனிந்தான். நான் தியத்மாரைப் பார்த்தேன். அவன் வாசல் பக்கம் திரும்பவில்லை. அவள் கடைசிச் சொல்லை முடிக்கும் வரை காத்திருந்து, அடுத்த பாட்டுக்குக் கை உயர்த்தினான்.

பூசை முடிந்ததும் இளைய குருக்கள் மெகினரைச் சூழ்ந்துகொண்டார்கள். அவர் சளித்துணியை மடித்து வைத்துக்கொண்டே பதில் சொன்னார்.

"அவளுக்குத்தான் லத்தீன் தெரியாதே. எவனோ கத்துக்குடுத்தத கிளி மாதிரி ஒப்பிக்கிறா, பாவம். அதுக்குப் பொருள் தேடினா நமக்குத்தான் பைத்தியம்னு அர்த்தம்."

சிரித்தார்கள். அதோடு முடிந்தது. அடுத்த வருடத்திலிருந்து மெழுகுதிரித் திருநாளில் பாட்டு முடியும் வரை வாசற்கதவைச் சாத்தி வைத்தார்கள்.

அம்மா பாடிய செய்தி வெளுப்புக் கொட்டகைக்கும் போயிருக்கிறது. அங்கே என்ன பேசினார்களோ தெரியாது. அந்த வசந்தத்தில் கிஸ்லா உப்புப் படகுக்காரன் ஒருவனோடு ஆற்றின் போக்கில் போய்விட்டாள். வோல்மார் என்று பெயர். பெண்டாட்டியை இழந்தவன், ஒரு கால் கொஞ்சம் விந்தி நடப்பான். உன் அப்பா யார் என்று அவன் கேட்கவில்லை, அது ஒன்றே போதும் என்று அவள் சொன்னதாக ஒடிலா எனக்குச் சொன்னாள். எழுத்து தெரிந்த பெண், உப்பு மூட்டைக்கு நடுவில் உட்கார்ந்து போனாள் என்றும் சொன்னாள்.

ஒடிலா அதன் பிறகு ஒன்பது வருடம் இருந்தாள். அண்ணனுக்குத் தோள் வலி வந்ததிலிருந்து மறுபடி அவளே துடுப்புப் போட்டாள். நான் எப்போதாவது அந்தத் தோணியில் ஏறுவேன். ஒருமுறை நடு ஆற்றில் துடுப்பை நிறுத்திவிட்டு, ஏதாவது ஒரு ஏட்டின் ஓரத்திலாவது என் நாலு வரியை எழுதி வையுங்கள், என் பெயர் வேண்டாம் என்று கேட்டாள். சரி என்றேன். அந்த வாரம் முழுவதும் பேனா அதற்காகத்தான் கையில் இருந்தது. மெகினர் அடிக்கடி எழுத்தறைக்கு வருவார், ஓரம்கூட விடாமல் பார்ப்பார். நான் எழுதவில்லை. அடுத்த தடவை தோணி ஏறியபோது அவள் கேட்கவும் இல்லை. ஒரு கார்காலத்தில் காய்ச்சலில் போய்விட்டாள். அக்கரையிலேயே புதைத்தார்கள்.

தியத்மாருக்கு அறுபது தாண்டியது. அப்போதும் குரல் போகவில்லை, கால்தான் வீங்கிவிட்டது. கடைசிக் குளிர்காலத்தில் படுக்கையோடு கிடந்தான். நான்தான் வாற்கோதுமைக் கஞ்சி கொண்டுபோவேன். அத்தனை வருடத்தில் முதல் தடவையாக ஒரு நாள் கேட்டான்.

"கிஸ்லா எங்க இருக்கா, ஏதாவது தெரியுமா?"

கொலோனில், உப்புத்துறைக்குப் பக்கத்தில் வீடு, மூன்று பிள்ளைகள், உப்புப் போட்ட மீன் விற்கிறாள் என்று தெரிந்ததைச் சொன்னேன். கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டான். பிள்ளைகளுக்குத் தன்னைப் பற்றித் தெரியுமா என்றான்.

"அவங்க தாத்தா ஒரு தோணிக்காரருன்னு சொல்லி வளர்க்கிறாளாம்."

அவன் போர்வை நுனியைத் திருகிக்கொண்டே கிடந்தான். அழப்போகிறான் என்று நினைத்தேன். அழுதால் நானும் அழலாம் என்று காத்திருந்தேன் என்றுகூடச் சொல்லலாம். பிறகு கிண்ணத்தைத் தொட்டுப் பார்த்து, கஞ்சி ஆறிவிட்டது என்று கோபித்துக்கொண்டான். நான் அதைக் கீழே எடுத்துப்போய்ச் சுட வைத்துக் கொண்டுவந்தேன். மிச்சம் வைக்காமல் குடித்தான்.